கரைந்துபோன தையல்

எம்.ரெட்டியபட்டியில் பருத்தி எடுக்கும் பெண்களில் ஒச்சம்மாள் கைதான் வேகம். 1987 மாசியில் தலைப்பிரசவம் சிக்கலாகி, அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள்.

உள்தையல் போட்டது கேட்கட் நூலில். ஆட்டுக் குடலில் செய்யும் நூல். அதைப் பிரிக்க வேண்டியதில்லை. சாப்பிட்ட கறியைச் செரிப்பதுபோல உடம்பின் நொதிகளே அரித்துக் கரைத்துவிடும். அதற்குள் தசை கூடிவிட வேண்டும். சீழ் பிடித்தால் வெள்ளை அணுக்கள் திரண்டு வந்து நொதியைக் கொட்டும். தசை கூடுமுன்பே நூல் போய்விடும்.

மூன்றாம் நாளே புண்ணில் நாற்றம். நர்ஸ் ஞானப்பூ டாக்டரிடம் சொன்னாள்.

"கட்டை மாத்திவிடு, போதும்" என்றார்.

ஐந்தாம் நாள் காலை ஒச்சம்மாள் இருமினாள். உள்ளே ஏதோ விட்டது. கட்டுத்துணியை மீறிக் குடல் பிதுங்கியது.

நைலான் நூலால் மறுபடி தைத்து உயிரைப் பிடித்து வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து புருஷன் இருளப்பசாமியிடம், "உம் பொண்டாட்டி தண்ணிக் கொடத்தத் தூக்கிருக்கா. தையல் பிரிஞ்சிருச்சு" என்றார். ஞானப்பூ பக்கத்தில்தான் நின்றாள். வாய் திறக்கவில்லை.

இருளப்பசாமி உள்ளே போய், மயக்கம் தெளியாதவளின் கன்னத்தில் அறைந்தான்.

அதன்பிறகு அடிவயிறு சரிந்து தொங்கியது. குனிந்து பருத்தி எடுக்க முடியவில்லை. சொன்ன பேச்சு கேளாமல் வயிற்றைக் கெடுத்துக்கொண்டவள் என்றது ஊர். மறுவருஷம் அவளைத் தள்ளிவைத்துவிட்டு அவன் வேறொருத்தியைக் கட்டினான். அவனிடமே வளர்ந்த குழந்தை வந்தவளைத்தான் அம்மா என்றது.

1994இல், ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்ட ஞானப்பூ ஊரைத் தேடி வந்தாள்.

"நீ எதையும் தூக்கல ஒச்சம்மா. சீழு வச்சு நூலு கரைஞ்சுபோச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

ஒச்சம்மாள் அவளையே பார்த்தாள். "தூக்குன மாதிரியே எனக்கு நெனப்பு இருக்கே சிஸ்டர். கொழாயடி, பித்தளைக் கொடம், எல்லாம் கண்ணுல நிக்கிதே."

"அப்ப அந்த ஆஸ்பத்திரியில கொழாயே கெடையாதுத்தா, லாரித் தண்ணிதான்."

ஒச்சம்மாள் எழுந்து நேரே இருளப்பசாமி வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவன் சோற்றிலிருந்து தலை தூக்கவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு இப்ப என்ன செய்யணுங்கிற?"

அவள் திரும்பி வந்தபோது ஞானப்பூ பஸ் நிறுத்தத்தில் அழுதுகொண்டிருந்தாள். "என்னைய மன்னிச்சிரு."

"பஸ்ஸு வருது, ஏறுங்க" என்றாள் ஒச்சம்மாள்.