டிவி கேமில் வந்த சபுராளி

“...திரும்ப மொதல்லேர்ந்தா? அப்ப வீட்டுக்குள்ள போனவரு எங்க போனாருளா?” என்று லாத்தா கேட்டாள்.

நான் டிவி கேமின் ரிமோட்டில் இருந்த பொத்தான்களை மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தேன். லாத்தாவின் விரல்களில் பாதி சுற்றிய பீடி பிரிந்து, தூள் மடியில் கொட்டியது. ஒரு பொட்டுத் தூளைச் சிந்தவிடாதவள், அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மேலப்பாளையத்தில், லுஹர் தொழுகை முடிந்த ஒரு மத்தியானம் அது. லாத்தா என்று அக்கா முறையில் கூப்பிடுவேனே தவிர, அவள் எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை, பக்கத்து வீடு. பத்தாவது முடித்து வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் பீடித்தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குத்தான் போவேன். பேச்சுத்துணை இல்லாமல் எனக்கு ஒரு கட்டுக்கூடத் தேறாது.

அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவள் மாப்பிள்ளை, எனக்கு மச்சான் முறை, சவூதியில் இருந்தார். அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் ஊரில் இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தால் ஒரு வருஷம் தேறாது. வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போனவர்களை நாங்கள் சபுராளி என்போம். ஒரு சபுராளி வந்து இறங்கினால் தெருவே கேட்கும்: “லீவா, எக்ஸிட்டா?” லீவு என்றால் திரும்பப் போவார். எக்ஸிட் என்றால் ஒரேயடியாக முடித்துக்கொண்டு வந்துவிட்டார். இந்தத் தடவை மச்சான் வாசலில் கால் வைத்ததும், “எக்ஸிட்ல வந்துட்டேன். இனி பஜார்ல கடை வைக்கப்போறேன்” என்றார். லாத்தா அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னாள்.

அவர் பெட்டியில் வந்ததுதான் அந்த டிவி கேம். கேசட்டில் இருந்த எழுத்து ஜப்பானோ சீனமோ, யாருக்கும் தெரியாது. நீலச் சட்டை போட்ட ஒரு ஆள், முதுகில் மூட்டை. அவனை வலது பக்கமாக ஓட்டிக்கொண்டே போகவேண்டும். மேலே பறவைகள் கல் போடும், தரையில் தீ எரியும், ஒவ்வொரு ஸ்டேஜ் முடிவிலும் கம்போடு ஒரு தடியன் மறிப்பான். குதிக்க ஒரு பொத்தான், எறிய ஒரு பொத்தான். அவன் யார், மூட்டையில் என்ன, ஏன் இந்த ஓட்டம்? ஒன்றும் கிடையாது.

எனக்கானால் கதையில்லாமல் கை ஓடாது. பீடி சுற்றுகிறவர்கள் குனிந்தே இருப்பார்கள், டிவியை அடிக்கடி நிமிர்ந்து பார்க்க முடியாது. அதனால் நான் சொல்லிக்கொண்டே ஆடினேன். “சபுராளி ஊருக்கு வருதாரு. மூட்டையில லாத்தாவுக்குச் சேலை. இந்தத் தீ இருக்குல்லா, இது ரியாத்து வெயிலு. தடியன் அவரு மொதலாளி, விடமாட்டேங்கான். மேல பறக்கதெல்லாம் ஏர்போர்ட்டு கஸ்டம்ஸ்காரன்.”

“போன தடவ என் டேப்ரிக்கார்டரக் கொத்திட்டுப் போனது அந்தப் பறவதான்,” என்பாள் லாத்தா.

அவள் மாமியாரை நானும் மாமி என்பேன். ஆட்டத்தில் அந்த ஆளுக்கு மூன்று உயிர் என்பதே மாமிக்குத் தாங்கவில்லை. ஆள் தீயில் விழுந்து மறுபடி எழுந்து நின்ற அன்று, இலை வெட்டிய கத்தரியை அப்படியே கீழே போட்டார்கள். “மௌத்தானவன் எந்திச்சு ஓடுதான்! ஒருத்தன் மூணு தடவ மௌத்தானா, சுத்திப் பொதைக்கக் கபன் துணிக்கு எங்க போவாவளா?”

அந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் எங்களுக்குக் கொடுத்தது ஓடுவதும் குதிப்பதும் விழுவதும்தான். ஆனால் மூன்று உயிரும் போனால் தொடங்கிய இடத்துக்கே போகவேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தார்களே, அது போதும். விரல் அளவு பொம்மை மேல் பாசம் வந்துவிடுகிறது. பதினோராவது ஸ்டேஜில் நான் அவரைப் பறிகொடுத்த அன்று, “நீ கவனமில்லாம ஆடுத” என்று லாத்தா சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.

பன்னிரண்டாவது ஸ்டேஜின் கடைசியில் ஒரு வீடு தெரியும். சிவப்பு ஓடு, பச்சைக் கதவு. மூன்று வாரம் அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டுச் செத்தோம்.

அந்த மத்தியானம் ஒரே உயிர்தான் மிச்சம். மச்சான் டீ கிளாஸோடு கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தடியன் கம்பைச் சுழற்றினான். குதித்தேன். அந்தப் பக்கம் விழுந்து, ஓடினேன். “பைய போ, பைய போ... வந்துட்டாருளா, வந்துட்டாரு!” என்று லாத்தா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பச்சைக் கதவு திறந்தது. உள்ளே போனார். கதவு மூடியது. பாட்டு வந்தது. மாமி “அல்ஹம்துலில்லா” என்றார்கள்.

திரை கறுத்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது அதே நீலச் சட்டை, அதே மூட்டை, முதல் ஸ்டேஜில் முதல் இடத்தில் நின்றது. பறவைகள் மட்டும் இரண்டு மடங்கு வேகம்.

அந்தக் காலத்துக் கேசட்டில் இடம் குறைவு, புது ஸ்டேஜ் வைக்க வழியில்லாமல் பழையதையே வேகமாக்கித் திரும்பச் சுற்றவிடுவார்கள் என்பது எவ்வளவோ வருஷம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு யாரோ என் வாயில் அறைந்த மாதிரி இருந்தது. வீடு வரைக்கும் கதை சொன்னவள் நான். வீட்டுக்கு அப்புறம் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. அப்போதுதான் லாத்தா, “திரும்ப மொதல்லேர்ந்தா?” என்று கேட்டாள்.

பதில் சொன்னது மச்சான். சிரித்துக்கொண்டே சொன்னார். “போயித்தான ஆகணும்? வீட்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டா சோத்துக்கு என்ன செய்வான்?”

லாத்தா திரும்பினாள். “யாரச் சொல்லுதிய?”

“ஆட்டத்தத்தான் சொல்லுதேன்.” உதடு வரை போன டீயை அவர் குடிக்கவில்லை.

லாத்தா எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. “ஏ, அத எதுக்கு எடுக்க?” என்று மச்சான் இரண்டு எட்டு வைப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள். கையில் அவருடைய பாஸ்போர்ட். கடைசியாக முத்திரை குத்திய பக்கத்தை விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அரபி எழுத்தை அவளே ஓதிவிடுவாள், அர்த்தம் தெரியாது. அதன் கீழே இங்கிலீஷில் இருந்தது.

“வாசி. கத வேண்டாம். போட்டிருக்கத மட்டும் வாசி.”

“சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்,” என்றார் மச்சான். டிவியில், யாரும் ஓட்டாமல் நின்ற நீலச் சட்டையின் மேல் கல் விழுந்துகொண்டிருந்தது.

“எக்ஸிட்,” என்று வாசித்தேன்.

லாத்தா மூச்சு விட்டாள். ஆனால் பக்கத்திலேயே இன்னொரு வார்த்தை இருந்தது. அதில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன்.

“ரீ என்ட்ரி,” என்றேன். “திரும்பி சவூதிக்குள்ள போவலாம்னு அர்த்தம், லாத்தா. ஆறு மாசத்துக்குள்ள.”

“யா அல்லா,” என்றார்கள் மாமி. “சொல்லணும்னுதான் இருந்தேன்,” என்றார் மச்சான், டீ கிளாஸிடம்.

லாத்தா பாஸ்போர்ட்டை மூடினாள். இடுப்புச் சேலைக்குள் ஆழமாகச் செருகினாள். முந்தானையை அதன் மேல் இழுத்து இறுக்கிக்கொண்டு, பீடித்தட்டை மடியில் எடுத்து வைத்து, அவருக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள்.