இரகசிய இலக்கம் போய்ச் சேர்ந்த போன்

பழைய கம்ப்யூட்டர் இடியில் போனது. மாத்தளைப் பக்கம் பின்னேர மழைக்கு முன்னால் எந்த வயரையும் சுவரில் விட்டுவைக்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது, மறந்துவிட்டேன். ஒரு வெளிச்சம், ஒரு கருகல் நாற்றம், அவ்வளவுதான். யட்டவத்தயில் கடை வைத்திருக்கும் என் நானா, என்னுடைய மூத்த சகோதரர், யார் யாரிடமோ சொல்லி ஒரு லெப்டொப் வாங்கி வந்தார். நல்ல மனிதர். ஒரு உதவி செய்தால் அதைப் பற்றி ஒரு வாரம் பேசுவார் என்பதுதான் ஒரே குறை.

அந்த லெப்டொப் முதலில் கேட்டதே மின்னஞ்சலின் கடவுச்சொல்லைத்தான். பழையது ஒருநாளும் கேட்டதில்லை. திறந்தால் எல்லாம் திறந்தே கிடக்கும். வாசற்கதவைப் பூட்டாமலே வாழ்ந்தவளிடம் திடீரென்று சாவி கேட்டது போல இருந்தது. மகளின் பெயரை அடித்தேன், பிறகு அவளுடைய பிறந்த ஆண்டையும் சேர்த்து அடித்தேன், என் உம்மாவின் பெயரை அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் தவறு, தவறு என்று சிவப்பு எழுத்து வந்தது.

வேறு நாளாக இருந்தால் எரிச்சலோடு மூடி வைத்திருப்பேன். ஆனால் கம்ப்யூட்டர் போவதற்கு முன் வந்த ஒரு கடிதம் உள்ளே இருந்தது. புத்தளத்தில் பெண் பிள்ளைகள் படிக்கும் விடுதியொன்றில் மேற்பார்வையாளர் வேலை. தங்க இரண்டு அறைகள் தருவார்கள், மகளையும் கூட வைத்துக்கொள்ளலாம். கூட வந்த ஒப்பந்தத்தை நிரப்பி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அன்று வெள்ளிக்கிழமை. விடுதி அலுவலகத்துக்கு அழைத்துப் பார்த்தேன். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

இந்த வேலையைப் பற்றி நான் உம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. உம்மாவிடம் சொன்னால் நானாவுக்குப் போகும், நானாவிடமிருந்து கடைக்குச் சீனி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் போகும், கடைசியில் மாத்தளை டவுனில் இருக்கும் மகளின் வாப்பாவுக்குப் போகும். நாங்கள் பிரிந்தபோது பெரியவர்கள் முன்னால் பேசி வைத்தது ஒன்றுதான்: பிள்ளை என்னோடு, வெள்ளிக்கிழமைகளில் அவரோடு. புத்தளம் போனால் வெள்ளிக்கிழமை என்னாகும்? அவர் பெரியவர்களிடம் போய், போகிறவள் போகட்டும், பிள்ளையை விட்டுவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டால்? என் போன் வீட்டில் எல்லோர் கையிலும் சுற்றுகிற போன் என்பதால் மின்னஞ்சலை அதில் போடவும் இல்லை. ஆசிரியர்களுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான் வேலைக்கும் எழுதினேன், பிரிவு விஷயமாக ஒரு வழக்கறிஞருக்கும் எழுதினேன்.

கடவுச்சொல் மறந்தவர்களுக்கென்று இருந்த இடத்தை அழுத்தினேன். உங்கள் போனுக்கு ஓர் இரகசிய இலக்கம் அனுப்பவா என்று கேட்டது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டியது. என் எண் அல்ல, மகளின் வாப்பாவுடையது.

கல்யாணமான புதிதில் அந்தக் கணக்கை அவர்தான் தொடங்கிக் கொடுத்தார். உன்னுடைய நம்பர் மாறிக்கொண்டே இருக்கிறது, என்னுடையதைப் போடுகிறேன் என்றார். அப்போது அது அக்கறையாகத் தெரிந்தது. இப்போது திரையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அவரைப் பற்றி வழக்கறிஞருக்கு எழுதியதெல்லாம் உள்ளே இருக்க, சாவி அவருடைய சட்டைப் பையில். அழுத்தினால் அவர் போனுக்குச் செய்தி போகும். எதற்கு என்று யோசிப்பார். யோசித்தால் அவரே திறந்து பார்க்கலாம். அழுத்தாவிட்டால் ஞாயிறு போய்விடும்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வெள்ளி மதியத் தொழுகைக்கு, ஜும்ஆவுக்கு, போகும்போது அவர் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். மகள் அதில்தான் விளையாடுவாள். பாங்கு சொல்லி முடியும் வரை காத்திருந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழைத்தேன். மகள்தான் எடுத்தாள். வாப்பா பள்ளிவாசலுக்குப் போய்விட்டார் என்றாள்.

அனுப்பு என்பதை அழுத்தினேன். இப்போது ஒரு மெசேஜ் வரும், அதிலுள்ள இலக்கத்தை மட்டும் எனக்கு வாசி என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கடைக்காரரிடம் எதையோ மறைத்து வாங்குகிறவளின் குரல் போல இருந்தது. மகள் உடனே வாசிக்கவில்லை.

"மெசேஜ் ஒருத்தருக்கும் வாசிச்சுக் காட்ட வேணாம்னு வாப்பா சொல்லியிருக்காரு உம்மா."

உம்மா ஒருத்தரா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினாள். வாசித்து முடித்ததும் அழித்துவிடு என்று சொல்வதற்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வாப்பாவிடம் மறைக்கச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொல்லத்தான் போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. பாதி இலக்கம்தான் வந்திருக்கும், மகளின் குரல் நின்றது. கதவு திறக்கும் சத்தம்; எதையோ மறந்து திரும்பி வந்திருக்கிறார். போன்ல யாரு, மகள் என்று அவர் கேட்டார். உம்மா, என்றாள் மகள்.

போனை வைத்துவிடப் போனேன். வைத்தால் அந்த மெசேஜை அவர் எப்படியும் பார்ப்பார் என்று அப்படியே இருந்தேன். அவர் மகளை முற்றத்துக்குப் போய் விளையாடச் சொன்னார். அதன் பிறகு, மிச்ச இலக்கங்களை அவரே வாசித்தார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் வாசித்ததை அடித்தேன். திறந்தது. புத்தளத்துக் கடிதம் மேலேயே இருந்தது. நன்றி சொல்லி வைக்கப் போனேன். அவர் வைக்கவில்லை.

"அங்க புள்ளைக்கு நல்ல ஸ்கூல் இரிக்கா?"

எந்த அங்கே என்று கேட்க வாயெடுத்தேன். புத்தளம் என்ற பெயரை நான் இந்த உலகத்தில் ஓர் ஆளிடமும் சொன்னதில்லை. எப்போதிருந்து என் கடிதங்களைப் படிக்கிறீர்கள் என்றுதான் கேட்டேன்.

"நீங்க போன நாள்ல இருந்து," என்றார். "இந்தப் போன்ல உங்க மெயில் முந்தியே திறந்து இருந்தது. மூட மனசு வரல்ல."

முன்பெல்லாம் நீ, வா, போ என்பார். இப்போது நீங்க. அவரைப் பற்றி வழக்கறிஞருக்கு நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அவர் படித்திருக்கிறார், வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையைச் சிரித்த முகத்தோடு கூட்டிக்கொண்டும் போயிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திருட்டு வேலை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பிள்ளையை வைத்து நான் சற்று முன் செய்துகொண்டிருந்தது என்னவாம்?

"பெரியவங்கக்கிட்ட நான் போக மாட்டேன்," என்றார். "வெள்ளிக்கிழமைல நானே பஸ்ல அங்க வாறேன். நீங்க கையெழுத்தப் போட்டு அனுப்புங்க."

ஸ்கூல் இருக்கிறது, விடுதிக்குப் பக்கத்திலேயே என்று சொன்னேன். பிறகு, இனிமேல் என் கடிதங்களைப் படிக்கக் கூடாது என்றும் சொன்னேன். அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. புதிய கடவுச்சொல்லைப் போட்டேன். அவருடைய எண்ணை அழித்து என்னுடையதை எழுதினேன். வேறு போன்களில் திறந்திருப்பதை மூடவா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

போன் இன்னும் என் காதிலேயே இருந்தது.

"இந்தப் போன்ல மூடிட்டுது," என்றார் அவர்.