இரண்டு காளியம்மன், ஒரே கார்டு

1. ஐந்து அடி

குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் விசைத்தறியின் சத்தம் மாறாது. அதே தடதடப்புதான். அறுந்த பிறகு எத்தனை அடி அடித்து நிற்கிறது என்பதைக் காதால்தான் எண்ண வேண்டும். இரண்டு அடியில் நின்றால் துணி பிழைக்கும். ஐந்து என்றால் கோடு விழும்.

நூல் அறுந்ததும் தறியை நிறுத்தும் மின்னணு போர்டுகளுக்கு புரோகிராம் எழுதுவது என் வேலை. அருப்புக்கோட்டையில் சின்னக் கம்பெனி. காளியம்மன் தறிக்கூடத்து முதலாளி சீனிவாசன் ஒருநாள் என்னை வரச் சொன்னார். ஆறு தறிகளின் துணியில் கோடு கோடாக விழுந்து, வாங்கியவர் துணிப் பேலைத் திருப்பி அனுப்பியிருந்தார். தறி ஓட்டும் பஞ்சவர்ணம் அக்கா கவனிக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் ஏசி, தறியில் ஏறியிருக்கும் பாவு நூல் முடிந்ததும் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

"போர்டு நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க மேடம். மத்தத நான் பாத்துக்கிறேன்."

அக்கா திருச்சுழிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். அவர் வீட்டில் காடு கழனி வேலையை விட்டுத் தறிக்கு வந்த முதல் ஆள். என்னைப் பார்த்துக் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நான் கைய நீட்டுறதுக்குள்ள அஞ்சு அடி அடிச்சிருது. இதுல என்னத்தக் கவனிக்க?"

கத்தரியால் ஊடையை நானே வெட்டினேன். சென்சார் விளக்கு உடனே எரிந்தது; நூல் அறுந்ததை அது கண்டுவிட்டது. தறி ஐந்து அடி அடித்துத்தான் நின்றது. ஆறு தறியிலும் அப்படியே. நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

2. படிக்காமல் விட்ட ஹெடர்

அந்த ஆறு தறிகளும் பாளையம்பட்டியில் மூடிப்போன ஒரு கூடத்திலிருந்து சீனிவாசன் எடுத்து வந்தவை. அந்தக் கூடத்தின் பெயரும் காளியம்மன். எங்கள் பக்கத்துத் தறிக்கூடங்களில் பாதி அவள் பெயரில்தான் ஓடுகின்றன.

ஒவ்வொரு கூடத்துத் தறிக்கும் நிறுத்தும் நேரத்தைத் ஹெடர் என்ற தனிச் சிறு ஃபைலில் வைப்போம். புரோகிராமைப் போர்டுக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர்; ஒரே ஹெடரை அது இரண்டு முறை படித்துவிடாமல் இருக்க, அதன் தலையில் ஒரு பெயர் கட்டுவோம். அதுதான் இன்க்ளூட் கார்டு, காவல் பெயர். இந்தப் பெயரை ஏற்கெனவே பார்த்திருந்தால் உள்ளே போகாதே என்று அர்த்தம். கூடத்தின் வாசலில் என்ன பெயர் தொங்குகிறதோ அதையே கார்டுக்கும் வைப்பது எங்கள் பழக்கம். ஆக இரண்டு ஃபைலிலும் KALIAMMAN_H.

தனித்தனிக் கூடமாக இருந்தவரை வம்பில்லை. தறிகள் ஒரே கூரைக்குள் வந்ததும், ஒரே புரோகிராமில் இரண்டு ஹெடரையும் சேர்த்தவள் நான். முதல் காளியம்மனைப் படித்த கம்பைலர், இரண்டாவதான பாளையம்பட்டி ஹெடரைப் பார்த்து, இவளைத்தான் பார்த்தாயிற்றே என்று முழுசாகத் தாண்டிப் போய்விட்டது. ஒரு எர்ரர்கூட இல்லை. ஏனென்றால் நேரம் கிடைக்காவிட்டால் பொதுவான ஒரு நேரத்தை எடுத்துக்கொள் என்று நானே முன்ஜாக்கிரதையாக எழுதி வைத்திருந்தேன். அந்தப் பொது நேரத்துக்குள் தறி ஐந்து அடி அடித்துவிடும். என் ஜாக்கிரதையே என் தப்பைப் பொத்தி வைத்திருந்தது.

3. பெயர்

எங்கள் மேனேஜர் லேசாகச் சொன்னார்: "ரெண்டாவதுக்கு முன்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர், அடிக்கோடு போட்டு விடும்மா. தீந்துச்சு."

தீராது. அண்டர்ஸ்கோரும் அதை ஒட்டிப் பெரிய எழுத்துமாகத் தொடங்கும் பெயர்களும், இரட்டை அண்டர்ஸ்கோரில் தொடங்குபவையும் கம்பைலருக்கும் அதன் லைப்ரரிக்கும் ஒதுக்கியவை. இன்று ஓடும். நாளை புது கம்பைலர் அதே பெயரோடு வந்து நிற்கும். அடுத்தவர் மனையில் கொட்டகை போடுகிற வேலை அது.

கம்பெனி, ஊர், கூடம், ஃபைல், கடைசியில் H. இந்த வரிசையில் எல்லா ஹெடருக்கும் பெயர் மாற்றினேன். AKB_PALAYAMPATTI_KALIAMMAN_STOP_H. வாய் வலிக்கிற நீளம்தான், வலிக்கட்டும். பொது நேரத்தை அடியோடு எடுத்துவிட்டு, நேரம் கிடைக்காவிட்டால் கம்பைலர் அங்கேயே நிற்கும்படி #error என்ற வரியை வைத்தேன். ஒரே கார்டு இரண்டு ஃபைலில் இருந்தால் காட்டிக்கொடுக்க ஒரு குட்டி ஸ்கிரிப்டும் எழுதினேன். எத்தனையோ போர்டுக்கு புரோகிராம் எழுதியிருக்கிறேன். அந்தக் குட்டி ஸ்கிரிப்டை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. கம்பெனியில் யார் புது ஹெடர் எழுதினாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

4. எல்லார் முன்னாலும்

புது புரோகிராம் ஏற்றி ஊடையை வெட்டினேன். ஒன்று. இரண்டு. நின்றது. ஆறு தறியிலும்.

சாஃப்ட்வேர் அப்டேட் என்று மட்டும் சொல்லிவிட்டு வா என்றுதான் மேனேஜர் அனுப்பியிருந்தார். நான் சீனிவாசனிடம் தப்பு என் புரோகிராமில்தான் என்றேன். அவர் தலையசைத்தார். பஞ்சவர்ணம் அக்கா நகரவில்லை.

"என்னைய ஏசுனது எல்லாரு முன்னாடியும். இதையும் அப்பிடியே சொல்லு தங்கச்சி."

தறிகளை நிறுத்தினார்கள். கூடம் அப்படி ஓய்ந்து நான் கேட்டதே இல்லை. நடுவில் நின்று, கோடு விழுந்தது என் கையால், அக்கா கையால் இல்லை என்றேன். கடைசித் தறிவரை கேட்டிருக்கும்.

சீனிவாசன் தொண்டையைக் கனைத்தார். "நாளைக்கு வழக்கம்போல வந்துரு பஞ்சவர்ணம்."

"நாளைக்கு என்னத்துக்கு? இந்தா நிக்கிறேன்ல." சுவிட்சில் கை வைத்தபடி என் பக்கம் திரும்பினார். "நீ கெளம்பு தங்கச்சி. எனக்குத் தறி ஓட்டணும்."