110 என்றால் என்ன?

உர விண்ணப்பச் செயலியை எழுதியவன் நான். கோளாறு வந்தால் கணினி நிரல் ஓர் எண்ணைத் தரும். சோம்பலில் அதை அப்படியே திரையில் விட்டவனும் நானே.

வெல்லாவெளியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்த விவசாயி அக்கா கைபேசியை நீட்டினார். வெறும் 110.

"இது எண்ட வரிசை நம்பர்தானே? மூணு கிழமையா காத்திரிக்கன். உரமில்லாம வயல் வட்டையில பயிர் மஞ்சளாப் போச்சு."

இணைப்புக் கிடைக்கவில்லை, மறுபடி அனுப்புங்கள் என்பதே அதன் பொருள். தலைகுனிந்து சொன்னேன்.

"அத எழுதினா கை முறிஞ்சிருமா, தம்பி?"

அன்றே அவருடைய விண்ணப்பத்தை அனுப்பினேன். பிறகு ஒவ்வோர் எண்ணுக்கும் தமிழில் விளக்க வசனம் எழுத உட்கார்ந்தேன்.

"நம்பர் போதும். வேலையப் பாருங்க" என்றார் மேலாளர்.

"இதுதான் வேலை, சேர்."

எழுதியதை நீக்கச் சொன்னார். நீக்கவில்லை. நீக்கவும் மாட்டேன். மஞ்சளித்த வயலுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான், அவரல்ல.