மிளகாய் வறுத்த வெள்ளிக்கிழமைகள்

நகரோரத்து ரூஜில் என் இப்போதைய வீட்டுக் குசினியில் செத்தல் மிளகாய் வறுபடும் நெடி எழுந்ததும், சிறுவயதில் நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்குடியிருப்பில் எங்கள் சுவருக்கு அப்பால் பாட்டுக் கற்பித்த, முன்பு நியூயோர்க் மேடைகளில் பாடிய யூதப் பெண்மணியின் குரல் கேட்டதுபோல் இருந்தது. ஒரே சுரத்தைப் பத்துத் தடவை பாடிக்காட்டுவார். பத்தாவதும் முதல் தடவைபோலவே ஒலிக்கும்.

ஒருநாள் எங்கள் மிளகாய்ப் புகையில் அவருடைய மாணவர்கள் இருமித் தள்ள, அவர் எங்கள் கதவைத் தட்டினார். முறையிட்டு எங்களை வீட்டைவிட்டு எழுப்பப்போகிறார் என்று அம்மா நடுங்கினார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"எப்ப வறுப்பீங்கள் எண்டு கேக்கிறா, அம்மா. வகுப்பை மாத்தி வைக்கிறாவாம்."

"வேண்டாம், அவ பாடட்டும். வெள்ளி பின்னேரம் தங்கட ஓய்வுநாளுக்கு மெழுகுதிரி கொளுத்துறவ, அண்டைக்கு வகுப்பில்லைத்தானே. அப்ப வறுக்கிறன் எண்டு சொல்லு."

இந்த ரூஜ் வீடு தனிவீடு, சுவருக்கு அப்பால் பனிதான். ஆனாலும் வேறு நாளில் மிளகாய் வறுக்க எனக்கு இன்னமும் மனம் வருவதில்லை.