கேஜ் காட்டிய பன்னிரண்டு கோடு

சித்தையன்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் அவர். தண்ணீர் பாய்ச்சி முடிந்ததும் கிணற்று மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றி, வட்ட ரம்பத்துக்கு மாட்டிப் பலகை அறுப்பார். வலது காதில் பாதி இல்லை. ரம்பத்தை எதிராளியைப் போல ஏசிக்கொண்டேதான் வேலை செய்வார்.

நானும் வீட்டில் ரம்பம் போட நினைத்தேன். டயல் கேஜும் வாங்க வேண்டுமா என்று கேட்கப் போனேன். ரம்பமும், பலகை உரசிப்போகும் இரும்புச் சட்டமும் ஒரே நேராக நிற்கின்றனவா என்று முள் காட்டும் கருவி அது.

அவர் கேஜை வைத்தார். முள் அசையவில்லை; ரம்பம் நேராகத்தான் நின்றது. பிறகு பெல்ட்டை மாட்டி, முறுக்கேற இழுத்துக் கட்டினார்.

“ஏலே, இன்னைக்குக் கடிச்சிருவியா?” என்று ரம்பத்தின் மேல் காறித் துப்பிவிட்டுப் பலகையைத் தள்ளினார்.

பாதி அறுபட்ட பலகை ரம்பத்தில் சிக்கித் திரும்பிப் பாய்ந்தது. விலாவில் இடித்த சத்தம் மோட்டார் இரைச்சலையும் மீறிக் கேட்டது. சுவரில் மோதி விழுந்தார். வாயெல்லாம் ரத்தம்.

மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடினேன். “ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“செத்த பொறுங்க சார். பெல்ட்டத் தொடாம கேஜ வச்சுப் பாருங்க.”

கேஜை வைத்தேன். பெல்ட் இழுத்த இழுப்பில் ரம்பம் கோணி, முள் தள்ளி நின்றது.

“எம்புட்டு?”

“பன்னிரண்டு கோடு.”

“அம்புட்டா!” விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பல்லெல்லாம் சிவப்பு. “பெல்ட்ட மாட்டிட்டுல்ல பாத்திருக்கணும்! இது இல்லைன்னா நம்மள அடிச்சது எதுன்னே தெரியாமப் போயிருக்கும். கண்டிப்பா வாங்குங்க சார்.”

மூன்று எலும்பு முறிந்தவர் எதற்கு அப்படிச் சிரித்தார் என்று இன்னும் விளங்கவில்லை. கேஜை மறுவாரமே வாங்கிவிட்டேன். ரம்பம் வாங்கத்தான் இதுவரை துணிவு வரவில்லை.