இடம் பிடிக்க உட்கார்ந்தவள்

நெத்திலி வறுபடும்போது, மசாலா கருகப்போகிறதோ என்று மூக்குக்கே சந்தேகம் வருகிற ஒரு நொடி உண்டு. அந்த நொடியில் எடுத்தால்தான் ருசி என்பதை மாமல்லபுரத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடற்கரைக்குப் போகும் தெருவில் வண்டி போட்டிருந்த அஞ்சலை அக்காவிடம் நாங்கள் முதல் ஈடு வாங்கவே மாட்டோம். எண்ணெய் சரியாகக் காய்ந்திருக்காது, மீன் எண்ணெயைக் குடித்துவிட்டுத் துவண்டு கிடக்கும். "மொத ஈடு வெளியூர்க்காரனுக்கு, ரெண்டாவது ஈடு நமக்கு" என்பாள் அம்மா. தொண்ணூறுகளில் எங்கள் தெருவே அப்படித்தான் தின்றது.

நாட்டியம் பார்த்ததும் அதே செருக்கோடுதான். மார்கழியில் பெரிய பாறைச் சிற்பத்துக்கு முன்னால் மேடை போடுவார்கள். நாற்காலிகள் டிக்கெட் வாங்கியவர்களுக்கு. அவற்றுக்குப் பின்னால் ஒரு கயிறு. கயிற்றுக்குப் பின்னால் தரையில் நாங்கள். லாட்ஜில் அறை பெருக்கிவிட்டு வரும் அம்மா, அங்கே உட்கார்ந்துவிட்டால் பெரிய ரசிகை. "காலு பேசுது, கையி இன்னும் தூங்கிகினு கீது" என்று ஆடுகிறவளைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

கயிற்றோரம் முதல் வரிசை கிடைக்கவேண்டுமே. வெறும் துண்டு போட்டால் எடுத்து எறிந்துவிடுவார்கள் என்பதால் எங்கள் தெருவில் "புள்ளையைப் போடுவது" என்று ஒரு வழக்கம் இருந்தது. நாலு மணிக்கே துண்டை விரித்து, அதன்மேல் ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளையை யாரும் நகர்த்தமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். கயிற்றோரம் அப்படி ஏழெட்டுப் பிள்ளைகள், விதைத்து வைத்தது மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பிள்ளை என் தங்கை செல்வி. அவளுக்கு நாலு வயது, எனக்குப் பன்னிரண்டு. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். வீட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவள் நான். "மய வர்றதுக்கு முன்னாடியே இவளுக்குச் சளி புடிச்சிக்கும்" என்று அம்மா கேலி செய்வாள். லாட்ஜில் தங்கிய வெளிநாட்டுக்காரி ஒருத்தி கொடுத்த மஞ்சள் கவுனைச் செல்விக்குப் போட்டு, கயிற்றோரம் எங்கள் துண்டின்மேல் உட்கார வைத்துவிட்டு, "மீன வாங்கிகினு நேரா அவகிட்ட போய்க் குந்து, நா வேல முடிச்சிட்டு வந்துடறேன்" என்றாள்.

நான் வண்டிக்குப் போனபோது முதல் ஈடு தயாராக இருந்தது.

"இன்னாடி, கட்டட்டுமா?"

"வேணாங்கா. ரெண்டாவது ஈடு குடு."

"அடியேய், நாக்கப் பாரு இவளுக்கு! மகாராணி, குந்து தாயி, குந்து" என்றாள் அஞ்சலை அக்கா. வண்டியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஈடு வேகும்வரை நின்றேன். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் இன்றுவரை திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன்.

திரும்பி வந்தால் எங்கள் நீலத் துண்டின்மேல் யாரோ ஒரு குண்டுப் பையன் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

"என் தங்கச்சி எங்க?"

"தெரியலியே மா. துண்டு சும்மாதான் கெடந்திச்சி" என்றாள் அவனுடைய அம்மா.

மற்றவர்கள் மனசு முதலில் எங்கே ஓடுமோ தெரியாது, என்னுடையது கடலுக்குத்தான் ஓடியது. மணலில் விழுந்து எழுந்து ஓடி, ஒவ்வொரு அலையிலும் மஞ்சளாக ஏதாவது புரளுகிறதா என்று பார்த்தேன். நுரைகூட மஞ்சளாகத் தெரிந்தது. வலை மடித்துக்கொண்டிருந்தவரிடம், "அண்ணாத்த, மஞ்ச கவுனு, சின்னப் பொண்ணு" என்று அதற்குமேல் சொல்ல வரவில்லை. "அயாத மா, அயுதா பேச்சே புரியல. இந்தப் பக்கம் கொயந்த யாரும் வர்ல" என்றார். அவர் பார்க்காதபோது வந்திருந்தால்? பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். செங்கல்பட்டு வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாக எட்டிக் குதித்துப் பார்த்தேன். திருப்போரூர் முருகனுக்கு மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டிக்கொண்டேன். அது போதாதென்று தோன்ற, என்னையே எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு என்றும் சொன்னேன். கையிலிருந்த மீன் எங்கே விழுந்ததென்று தெரியாது.

மறுபடி கயிற்றுக்கு வந்தபோது மேடையில் விளக்கு எரிந்து மத்தளம் தொடங்கியிருந்தது. அம்மா சிரித்துக்கொண்டே எதிரே வந்தாள். "சின்னது எங்கடி?" என்றாள். நான் துண்டின்மேல் இருந்த அந்தக் குண்டுப் பையனைக் காட்டினேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. கயிற்றுக்குக் கீழே குனிந்து நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். சட்டையில் அட்டை குத்திய ஒருவர் மறித்து, "டிக்கெட் இருக்காம்மா?" என்றார். "என் பொண்ணக் காணோம்ன்றேன், டிக்கெட்டு கேக்கறியா நீ!" என்று அவள் கத்தியது, சரியாக மத்தளம் நின்ற நேரம். ஆடிக்கொண்டிருந்தவள் உட்பட எல்லோரும் திரும்பினார்கள். முதல் வரிசையிலிருந்து, "யம்மா!" என்று ஒரு சத்தம்.

வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தியின் மடியில் செல்வி உட்கார்ந்திருந்தாள். அந்த மஞ்சள் கவுனைப் பார்த்து, டிக்கெட்காரர்கள் வீட்டுக் குழந்தை வழிதவறிக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டதென்று நினைத்து, அந்த அட்டைக்காரரே தூக்கிப்போய் முன்னால் விட்டிருக்கிறார். அம்மா பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். செல்வி வரமாட்டேன் என்று அழுதாள்.

அம்மா அதன்பிறகு நாட்டியத்துக்குப் போகவேயில்லை. "கூப்ட்டுகினு போறியாமா?" என்று கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை. அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷத்தை நான் ஒரு பொட்டலம் மீனுக்குக் கெடுத்தேன் என்று சொன்னால் செல்வி சிரிக்கிறாள். அவளுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் ஆடியவளின் கண் மைதான். எங்கள் தெருவில் அந்தக் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

இப்போது அஞ்சலை அக்கா வண்டி இல்லை. பிள்ளையைப் போட்டு இடம் பிடிக்கிறவர்களும் இல்லை. கல்யாணமாகிச் சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊருக்கு வந்த நான், கூட்டம், கூட்டம் என்று சொல்லியே என் மகளை ஒருமுறைகூட அந்த நாட்டியத்துக்கு அழைத்துப்போனதில்லை. பொத்தேரியில் கல்லூரியில் படிக்கும் அவள் போன மார்கழியில் தோழிகளோடு தானாகவே போனாள். அங்கிருந்து கூப்பிட்டு, "கேளும்மா, சூப்பரா கீது" என்று போனை மேடைப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள். சலங்கைச் சத்தம் கேட்டிருக்கவேண்டும். எனக்கு அவளைச் சுற்றி நின்ற கூட்டத்தின் இரைச்சல் மட்டுமே கேட்டது.